வயரில் கட்டிய டோபித் துணி

செல்லம்மா கோயில் வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவே பெரிய அதிசயம். செல்லம்மா காவல்காரர் மனைவி. அவள் வாசலில் நின்று கோழியைக் கூப்பிட்டால் ரப்பர் ஸ்டோரில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்துத் தொண்டை அடியோடு கட்டிப்போயிருந்தது. யாரும் வெளியே சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள்.

அவள் என்னைக் காட்டினாள். தன் தொண்டையைக் காட்டினாள். கையிலிருந்த கந்தலைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல் அகலக் கந்தல். அதில் ஒரு முடிச்சு.

யாருக்கும் விளங்கவில்லை. நான் அவள் கழுத்தைப் பிடித்துவிட்டேன் என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கோழியைத் திருடினேனா என்று இன்னொருவர் கேட்டார். மறுபடியும் அடித்துக்கொண்டாள். கடைசியில் பூசாரி கந்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் கறுப்பாக ஒரு கோடு. பக்கத்தில் மூன்று புள்ளி.

"இது செல்லம்மா வீட்டுக் குறி. யாருடா இதுல முடிச்சுப் போட்டது?"

நான்தான் என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

கோழிக்கூண்டு

குளுவாங்கில் லாரிக் கிளினராக இருந்ததைப் போன வாரம் சொன்னேன். அங்கிருந்து லாயாங் லாயாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்தேன். துரையின் லாரி ஓட்டினேன். அப்போதுதான் சொந்தமாக ஒரு காடி, மோட்டார் கார், வாங்கினேன்.

காடி என்பது பெரிய வார்த்தை. ஒரு சீன முதலாளி, தவுக்கே, அதைக் கோழிக்கூண்டாக வைத்திருந்தார். சக்கரம் இருந்தது. எஞ்சின் இருந்தது. வயரை எல்லாம் எலி கடித்துக் குதறியிருந்தது. நாலு மாட்டை வைத்து இழுத்து வந்து லயத்துக் கோடியில் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தினேன். கோழிகளுக்கு அது பழைய வீடு போலத் தோன்றியிருக்க வேண்டும். செல்லம்மா கோழி அன்றே பின் சீட்டில் முட்டை வைத்தது.

ரயில் ஸ்டேஷனிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. பெரிய கங்காணி வீரப்பனுக்கும் அந்தக் கணக்குப் பிடித்திருந்தது. அவர் மகள் அஞ்சலையை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை பரிசம்.

கங்காணி சொன்னது இதுதான்.

"பால் வெட்டுறவனுக்குப் பொண்ணு குடுக்கணும்னா லயம் பூரா ஆளு இருக்கு. காடிக்காரனுக்குக் குடுக்கிறேன்னு நாலு தோட்டத்துல சொல்லிட்டேன். வெள்ளிக்கெழமைக்குள்ள அது ஓடணும்."

அஞ்சலை என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். அவள் காடியைச் சுற்றி வந்தாள். ஓடுமா என்று கேட்டாள். ஓடும் என்றேன். எப்போ என்றாள். நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன்.

கட்டு, பிறகு கழற்று

குளுவாங்கில் ஆ சாய் என்று ஒரு மெக்கானிக். லாரி நாட்களில் பழக்கம். அவரிடம் புது வயரும் ஒரு பழைய பாட்டரியும் வாங்கப் போனேன். நீயேவா மாட்டப்போகிறாய் என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. விரலைத் தூக்கி ஒன்றே ஒன்று சொன்னார்.

"இக்காட் டூலு, பூக்கா கமுடியான்."

முதலில் கட்டு, பிறகு கழற்று. ஒவ்வொரு வயரிலும் ஓர் அடையாளம். அது போய்ச் சேரும் திருகாணியிலும் அதே அடையாளம். அதைக் கட்டாமல் எதையும் கழற்றாதே. கழற்றிவிட்டால் எல்லா வயரும் ஒரே வயர்தான் என்றார்.

அவர் தாளில் சீன எழுத்து எழுதி ஒட்டுகிறவர். எனக்குத் தாள் சரிப்படாது. மழை நனைக்கும், எண்ணெய் ஊறும். அதைவிடப் பெரிய சங்கடம், எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். அவ்வளவுதான். எல்லா வயரிலும் என் பெயரையே எழுதிக் கட்டி என்ன பயன்?

ஆனால் நான் குறி படிப்பேன். லயத்தில் எல்லாரும் படிப்போம்.

டோபி மாரி

எழுத்துத் தெரியாத எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த எழுத்து டோபி மாரியுடையது. சேராங்கொட்டைப் பாலில் ஊசியை நனைத்துத் துணி மூலையில் குத்துவான். வீட்டுக்கு ஒரு குறி. ஒரு கோடு மூன்று புள்ளி காவல்காரர் வீடு. இரண்டு கோடும் குறுக்கே ஒன்றும் கங்காணி வீடு. வட்டம் என்றால் கணக்கு எழுதும் கிராணி. எத்தனை வெளுத்தாலும் போகாது.

மாரியிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒருவர் சட்டையை வெளுத்து இன்னொருவருக்கு ஒருநாள் வாடகைக்கு விடுவான். அதனால் திருவிழாவில் எவனாவது மினுக்கிக்கொண்டு வந்தால், கட்டிப்பிடிக்கிற சாக்கில் முதலில் காலரைத் திருப்பிப் பார்ப்போம். ஒரு வருஷம் தீமிதிக்குக் கிராணி வட்டத்தோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். அதில் கிராணி இல்லை. போட்டுக்கொள்ளச் சட்டை இல்லாமல் வீட்டில் இருந்தார்.

அந்த மாரியிடம் போய்க் கந்தல் கேட்டேன். கிழிந்து போய் யாரும் திருப்பி வாங்காத துணிகள் அவனிடம் மூட்டையாகக் கிடந்தன. குறி போட்ட மூலைகளாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. யாரை எங்கே கட்டப் போகிறாய் என்று கேட்டான்.

அதுவரை நான் அப்படி யோசிக்கவில்லை.

யாரை எங்கே

மனப்பாடம் ஆக வேண்டும் அல்லவா. வீட்டுக்கும் வயருக்கும் ஏதாவது பொருத்தம் இருந்தால் மறக்காது.

ஹாரன் வயருக்குச் செல்லம்மா வீடு. இதற்கு யோசனையே தேவைப்படவில்லை.

முன் விளக்கு இரண்டுக்கும் கிராணி. தோட்டத்தில் மூக்குக்கண்ணாடி போட்டவர் அவர் ஒருவர்தான்.

பின் விளக்குக்குக் குப்பன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எப்போதும் கடைசியில் வந்து நிற்பான்.

எஞ்சினில் நெருப்புப் போடும் பிளக் நாலு. அவை எல்லாம் சேர்ந்து வெடிக்காது. ஒன்று வெடித்து முடித்ததும் அடுத்தது. மேட்டு லயத்து அண்ணன் தம்பி நாலு பேரும் சண்டைக்கு அப்படித்தான் வருவார்கள். தனிக்குடித்தனம், தனித்தனிக் குறி. நாலு பேரையும் நாலு பிளக்கில் கட்டினேன்.

எர்த் வயர் ஒன்று உண்டு. அது காடியின் இரும்புச் சட்டத்தோடு ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எங்கே போன கரண்ட்டும் கடைசியில் அதனிடம்தான் வந்து சேரும். அதில் பூசாரியைக் கட்டினேன்.

பாட்டரிக்குக் கங்காணி. அவர் இல்லாமல் தோட்டத்தில் எதுவும் அசையாது. பாட்டரிக்கு அவ்வப்போது உள்ளே ஊற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். ஊற்றாவிட்டால் சூடேறிவிடும். கங்காணி கள்ளுக்கடைக்குப் போகாத சாயங்காலம் நான் பார்த்ததில்லை.

அஞ்சலை ஒரு குவளையில் மழைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பாட்டரி மூடியைத் திறந்து ஊற்றினேன். அவள் அதில் கட்டியிருந்த குறியைப் பார்த்தாள். குவளையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பழைய வயரை எல்லாம் கழற்றினேன். புதுசை அதே அளவுக்கு வெட்டிக் கந்தலை மாற்றிக் கட்டினேன். மூடி திறந்த எஞ்சினில் வேண்டுதல் மரம் போலத் துணி தொங்கியது. மறுநாள் மாட்டிவிடலாம் என்று லாரிக்குப் போய்விட்டேன்.

செல்லம்மா முட்டை தேடி வந்தது அப்போதுதான்.

முடிச்சு

உடுத்திய துணியில் மூலை வெட்டி முடிச்சுப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, சூனியம். அதை நான் யோசிக்கவில்லை. லயத்தில் வேறு எவனாக இருந்தாலும் அதைத்தான் முதலில் யோசித்திருப்பான். எனக்கு வயர் மட்டும் கண்ணில் இருந்தது.

செல்லம்மா தன் வீட்டு முடிச்சை மட்டும் கழற்றி எடுத்து வந்திருந்தாள். மற்றதைப் பார்க்கக் கூட்டமே காடியடிக்குப் போனது. ஒவ்வொருவரும் தங்கள் குறியைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகு ஒவ்வொருவருக்கும் கஷ்டம் ஞாபகம் வந்தது. மூத்தவன் வீட்டில் பானை உடைந்திருந்தது. இளையவன் மாட்டுக்குக் கழிச்சல். குப்பனுக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றார் அவன் பக்கத்து வீட்டுக்காரர். அவன் என்றைக்கு எழுந்தான்.

கிராணி வந்ததும்தான் எனக்கே சந்தேகம் வந்தது. அவருக்கு இடது கண்ணில் கட்டி. கண் மூடிக் கிடந்தது.

இரண்டு வருஷம் முன்னால் ஒருவன் சூனியம் வைத்தான் என்று பெயர் வாங்கினான். மூட்டையோடு காஹாங் பக்கம் போனான். யாரும் அவனுக்குப் பெண் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கங்காணி வந்தார். கூட்டம் வழிவிட்டது. தன் வீட்டுக் குறியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டிரைவரு. என்னாய்யா இது?"

வயர் மாறாமல் இருக்க அடையாளம் என்றேன்.

"அடையாளத்துக்கு எங்க துணிதான் கெடச்சுதா?"

மாரி கொடுத்தான் என்றேன். மாரி கும்பிட்டு, தான் கந்தல்தான் கொடுத்ததாகவும் கட்டியது தான் இல்லை என்றும் சொன்னான். அது உண்மைதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்.

இன்ன வீட்டை இன்ன இடத்தில் ஏன் கட்டினேன் என்று அங்கேயே சொல்லியிருந்தால் சூனியம் என்ற பேச்சு போயிருக்கும். கங்காணி மகளும் போயிருப்பாள். சொல்லாவிட்டால் சூனியக்காரன். அப்போதும் மகள் போய்விடுவாள்.

எல்லா முடிச்சையும் அறுத்து எலுமிச்சம்பழத்தோடு கொளுத்திவிடலாம் என்றார் பூசாரி. அறுத்தால் எந்த வயர் எங்கே என்று தெரியாது, காடி காடியாக இருக்காது என்றேன். நான் ஒவ்வொரு வயராக மாட்டுகிறேன். மாட்ட மாட்ட அந்தந்த வீட்டு முடிச்சை அவிழ்த்து அவரவர் கையிலேயே கொடுக்கிறேன். அதற்கு மட்டும் விடுங்கள் என்றேன்.

கங்காணி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"கட்டுனவன் கையாலதான் அவுக்கணும். அதான் மொறை. அவுக்கட்டும்." என்னைப் பார்த்தார். "கடைசியில காடி ஓடிச்சின்னா இது வயரு. ஓடலேன்னா இது வேற. வெள்ளிக்கெழமையும் கெடையாது, நீயும் இந்தத் தோட்டத்துல கெடையாது."

துணி பட்டுவாடா

கூட்டம் வரிசையாக நின்றது. முடிச்சைத் தொட எல்லாருக்கும் பயம். தனக்குப் பயமில்லை என்று மாரி முன்னால் வந்தான். துணியை வாங்கிக் குறி பார்த்து, வெளுத்த துணியைக் கொடுக்கும்போது கூவுகிற மாதிரியே கூவினான்.

"செல்லம்மா வீடு."

ஹாரன் வயரில் முடிச்சு இல்லைதான்; முடிச்சில்லாத வயர் அது ஒன்றுதான். ஆனால் திருகாணியில் அதன் ஜோடி இருந்தது. மாட்டினேன். அவிழ்த்துக் கொடுத்தேன். செல்லம்மா இது என்ன என்று சைகையில் கேட்டாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பாட்டரி வயரை ஒரு நிமிஷம் தொட்டுப் பிடித்து ஹாரனை அமுக்கினேன்.

ரம்புத்தான் மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தது.

முதலில் காவல்காரர்தான் சிரித்தார். அவர் சிரித்த பிறகு மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. செல்லம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். இன்னொரு தடவை அமுக்கு என்று கையைக் காட்டினாள். அமுக்கினேன். காதைக் கொடுத்துக் கேட்டாள். காற்று மாதிரி ஒரு குரல் வந்தது.

"செரியாத்தான் கட்டியிருக்கான்."

அதற்குப் பிறகு கூட்டம் மாறிவிட்டது. விளக்கைத் தொட்டபோதே கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின் விளக்குக்குப் போனேன். மாரி வாயைத் திறக்கும் முன்னால் நாலு பேர் குப்பன் என்றார்கள். குப்பன் அங்கே இல்லை, இன்னும் வந்து சேரவில்லை. பிளக் ஒவ்வொன்றாக வெடிக்கும் என்று சொன்னதும் அண்ணன் தம்பி நாலு பேரும் யார் முதல் பிளக் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருவன் முடித்த பிறகுதான் அடுத்தவன் ஆரம்பித்தான். எர்த் வயருக்கு என்ன வேலை என்று பூசாரி கேட்டார். அது இருந்த இடத்திலேயே இருக்கும், எல்லாம் அதனிடம் வந்து சேரும் என்றேன். அவர் மகிழ்ந்துபோய்த் திருநீறு கொடுத்தார்.

எனக்கு மகிழ்ச்சி இல்லை. இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

கூட்டமும் அதை எண்ணிக்கொண்டுதான் இருந்தது. மாரி கூவவில்லை. துணியை இரண்டு கையாலும் நீட்டினான். கங்காணி அதை வாங்காமல் குனிந்து பார்த்தார்.

"இது என்னா?"

"பாட்டரிங்க."

"எனக்கு ஏன் இது?"

"இது இல்லேன்னா எதுவும் ஓடாதுங்க."

பாதி உண்மை. மறுபாதியை விழுங்கிவிட்டேன். மாரி வானத்தைப் பார்த்தான். பெண்கள் பக்கத்தில் அஞ்சலை இருமினாள். அவள் தோழி முதுகில் தட்டினாள். இருமல் நிற்கவில்லை.

கங்காணி மகளைப் பார்த்தார். பாட்டரியைப் பார்த்தார். மூடிகளைத் தொட்டுப் பார்த்தார். துணியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"காடிய எடு."

வயரா, வேறயா

ஏறி உட்கார்ந்தேன். பூசாரி ஒரு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே.

முதல் தடவை எஞ்சின் முனகியது, நின்றது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இரண்டாம் தடவை அதுவும் இல்லை. இறங்கினேன். முன்னால் போய் வயர்களைப் பார்த்தேன். எல்லாம் இடத்தில் இருந்தன. பெட்ரோல் குழாயைத் திறக்கவில்லை.

திறந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை பின்னால் கறுப்புப் புகையும் கொஞ்சம் கோழி இறகும் வந்தது. பிறகு ஓடியது. காடி முழுக்க ஆடியது, ஆனால் ஓடியது. பிள்ளைகள் ஏற வந்தார்கள். கங்காணி எல்லாரையும் விலக்கிவிட்டு என் பக்கத்தில் அவர் மட்டும் ஏறினார். கதவைச் சாத்தினார். அது சாத்திக்கொள்ளவில்லை. கையால் பிடித்துக்கொண்டார்.

"போ."

எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்தோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். புது வயர் சூடாகி வாடை வந்தது. அடுத்த வளைவில் இறக்கிவிட்டு ஏசப்போகிறார் என்று நினைத்தேன். லயத்துக்கு முன்னால் ஏசாமல் தனியாகக் கூட்டி வந்தாரே, அதுவரைக்கும் நல்லது என்று தேற்றிக்கொண்டேன்.

பாலம் தாண்டியதும் இடுப்பிலிருந்து துணியை எடுத்தார். முழங்காலில் விரித்து நீவிவிட்டார்.

"தொரை காடி பாட்டரிக்குத் தண்ணி ஊத்துறது யாருன்னு நெனச்சே?"

தெரியாது என்றேன்.

"நாந்தான். வாராவாரம்."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். வேறு என்ன செய்வது. காடி ஓடிக்கொண்டே இருந்தது. அவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளுக்கடைக் கூரை தெரிந்தது.

"நிறுத்து."

நிறுத்தினேன். அவர் இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டார். இரண்டு எட்டு நடந்து திரும்பினார். நான் இன்னும் சீட்டில்தான் இருந்தேன்.

"எறங்குங்க மாப்ளே. பாட்டரி காஞ்சுபோய்க் கெடக்குல்ல. வந்து ஊத்துங்க."

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இறங்கினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடியும் பிடிக்குமோ, என்னவோ.